வெராகிரூஸில் கரண்டி தட்டினால் பால் வரும்

துறைமுகத்தை வைத்துத்தான் நான் ஓர் ஊரை எடை போடுவேன். சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்கு நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. வாழ்நாள் அப்படியே போயிற்று. வேலை விட்டது, எண்ணுவது விடவில்லை. மெக்சிகோ நாட்டின் வெராகிரூஸ் நகரில் கோயிலையோ கோட்டையையோ நான் முதலில் தேடவில்லை. கடற்கரைச் சாலையின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிரேன்களை எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன், மூன்று விடை வந்தது. கடல் மூட்டம்தான் காரணம், என் கண் அல்ல.

வெராகிரூஸ் என்றால் மெய்யான சிலுவை என்று பொருள். பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் ராயப்பர். அவர் பெயரில்தான் எங்கள் ராயபுரம். ஆக, ராயப்பர் ஊர்க்காரன் சிலுவை ஊருக்குப் போயிருக்கிறேன். பெருமைப்பட இது போதும். ஆனால் நான் பெருமைப்படப் போகவில்லை. மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரப் போனேன்.

என் ஒரே மகள் ஜெசி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தொழில் கற்றவள். கப்பலிலிருந்து கன்டெய்னர் தூக்குகிற பெரிய கிரேன்களைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, ஒப்படைப்பது அவள் வேலை. ஆறு மாதத்துக்கென்று வெராகிரூஸ் போனவள், இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறாள். ரமோன் என்ற இழுவைப்படகு ஓட்டியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகவும், அவர்கள் வீட்டார் முறைப்படி பெண் கேட்டு வர வேண்டுமென்றும், அதற்குத் தகப்பன் நேரில் இருக்க வேண்டுமென்றும் போனில் சொன்னாள். அவள் அம்மா இல்லை. கேட்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல நான் ஒருவன்தான். பக்கத்து வீட்டு தேசிங்கு, காசிமேட்டில் படகு வைத்திருந்தவன், என்னை வழியனுப்பும்போது, "பொண்ண அங்கியே வுட்டுட்டு வந்துடாத மாமு" என்றான். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

விமான நிலையத்துக்கு ரமோனும் வந்திருந்தான். நல்ல உயரம், எங்கள் பக்கத்து ஆள் போன்ற நிறம், கன்னத்தில் ஒரு தழும்பு. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். சிரித்தான். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஊமையா என்று ஜெசியிடம் கேட்டேன். "உன் முன்னால பேச பயப்படறான்பா" என்றாள். பயப்படுகிறவன் எப்படிக் கடலில் கப்பலை இழுப்பான் என்று எனக்கு அப்போதே கவலை ஆரம்பித்துவிட்டது.

அன்று சாப்பிடப் போன கடையில், சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் பழுப்பு நிறத்தில் எதையோ கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தால், புளித்தண்ணீர். ஐஸும் சர்க்கரையும் போட்ட நம் வீட்டுப் புளித்தண்ணீர். அங்கே அது அன்றாட பானம். எனக்கோ பெண் விஷயம் ஏற்கெனவே வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தது. இவர்கள் நிஜமாகவே கரைத்து டம்ளரில் கொடுக்கிறார்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புளியை அவர்கள் தாமரிந்தோ என்கிறார்கள், இந்தியப் பேரீச்சை என்று பொருளாம், பெயரிலேயே இந்தியா இருக்கிறது. மிளகாய் அவர்கள் பக்கத்திலிருந்து நமக்கு வந்தது. புளிக்கு மிளகாய், கணக்கு நேர்.

மறுநாள் காலை ஜெசி வேலைக்குப் போகும் வழியில் என்னை ஒரு காப்பிக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். வெராகிரூஸ் போகிறவர்கள் கோட்டையைத் தவறவிட்டாலும் இந்த மாதிரிக் கடையைத் தவறவிடக் கூடாது. நம் பழைய ஈரானி டீக்கடையைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் வருவது. கூரையில் இருபத்திரண்டு மின்விசிறி, அதில் ஓடுவது பதினெட்டு. வெள்ளைச் சட்டைப் பணியாளர் உயரமான கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் காப்பி டிகாக்‌ஷனை ஊற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். பால் இல்லை. கேட்க மொழி இல்லை. சரி, இவர்கள் வழக்கம் என்று சர்க்கரை போட்டுக் கலக்கினேன். கலக்கிய கரண்டியை டம்ளர் விளிம்பில் டிங் டிங்கென்று தட்டினேன். கரண்டியில் ஒட்டிய சொட்டு விழுவதற்காக நாம் எல்லோரும் செய்வதுதான்.

எங்கிருந்தோ இன்னொரு பணியாளர் பெரிய கெட்டிலுடன் ஓடிவந்தார். தலைக்கு மேலே தூக்கி, மெல்லிய வெள்ளைக் கயிறு போலக் கொதிக்கும் பாலை டம்ளருக்குள் இறக்கினார். நுரை கட்டியது. வெளியே ஒரு சொட்டு இல்லை. நான் அசந்துபோனேன். பாலுக்கு ஏற்றபடி சர்க்கரை போட்டேன், கலக்கினேன், பழக்கத்தில் மறுபடி தட்டினேன். மறுபடி ஓடிவந்தார். இடமில்லாத டம்ளரையும் என்னையும் பார்த்தார். அடுத்த மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அந்த ஊரில் கரண்டி தட்டினால் பால் கொண்டு வா என்று அர்த்தமாம். முன்பு ஒரு டிராம் ஓட்டுநர் வண்டியிலிருந்தே மணியடித்துத் தன் காப்பிக்குப் பால் சொல்வாராம். அவர் செத்த அன்று கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அவருக்காக டம்ளரைத் தட்டினார்களாம். அதிலிருந்து வந்த வழக்கம் என்று ஜெசி பிறகு சொன்னாள்.

ஜெசியின் போனில் தேசிங்கிடம் இதைச் சொன்னேன். "பால் ஊத்தறதுக்குன்னே ஒரு ஆளா? நம்ம ஊர்ல அது வேற கணக்கு மாமு. பாத்துக்கோ" என்றான். செத்தவர்களுக்குப் பால் ஊற்றும் சடங்கை நினைத்துச் சொல்கிறான். அவனுக்கு எப்போதும் இப்படித்தான்.

அன்று மாலை ஜெசியிடம் பேச்சை எடுத்தேன். எண்ணூரில் இல்லாத கிரேனா, காட்டுப்பள்ளியில் இல்லாத வேலையா, கிளம்பு என்றேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நான் வரலப்பா. நீ வேணாம்னு சொன்னாலும் இங்கதான் இருப்பேன். ஆனா நீ சரின்னு சொல்லாம அவனக் கட்டிக்க மாட்டேன்."

அதாவது, நான் மறுத்தால் அவள் எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. இதற்குமேல் எப்படித் தூங்குவது.

தூங்காத கண்ணோடு கோட்டை பார்க்கப் போனேன். நம் சென்னைக் கோட்டை கரையில் இருக்கிறது. அவர்களுடையது கடலுக்குள் நிற்கிறது. பவளப்பாறையை வெட்டியெடுத்த கற்கள். தடவிப் பார்த்தால் விரலில் பூப்பூவாகத் தட்டுப்படும். ஒரே கல்லில் நாற்பத்தோரு பூ எண்ணினேன். உள்ளே பழைய சிறை அறைகளில் கூரையிலிருந்து இன்னும் நீர் சொட்டுகிறது. கடலோரச் சாலைக்குத் திரும்பினால் ஐஸ்கிரீம் கடைக்காரர்கள் எதிரெதிரே நின்று "குவேரோ, குவேரோ" என்று என்னைப் பார்த்துக் கூவினார்கள். குவேரோ என்றால் வெள்ளைத்தோல்காரரே என்று பொருளாம். வருகிறவன் எந்த நிறமானாலும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ராயபுரத்து வெயிலில் வறுபட்ட என்னை வெள்ளைக்காரன் என்று அழைத்தது அந்த ஒரு தெருதான். மரியாதைக்காக ஓர் ஐஸ்கிரீம் வாங்கினேன்.

மொழி அவ்வளவு சிரமமில்லை. மேசைக்கு மேசா என்கிறார்கள், கோப்பைக்குக் கோப்பா. கைத்தொழில் தெரிந்தவரை மாயெஸ்த்ரோ என்று கூப்பிடுகிறார்கள், நம் மேஸ்திரிதான். இந்தத் தைரியத்தில் தனியாக பஸ் ஏறினேன். அங்கு பஸ் போகுமிடத்தை முன்கண்ணாடியில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருப்பார்கள். ஊர் நடுவுக்கு என்று எழுதியிருந்ததை நான் சரியாகத்தான் படித்தேன். அது ஊர் நடுவிலிருந்து திரும்பிப் போகும் பஸ் என்று எங்கும் எழுதவில்லை. வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பது தாண்டியதும் சந்தேகம் வந்தது. கடலைக் காணோம். கடைசியில் ஒரு காலித் திடலில் பஸ் நின்றது. இறங்கியதும் மூக்கு சொன்னது, பக்கத்தில் குப்பைக் கிடங்கு. கொடுங்கையூர் வழியாகப் போய் வந்தவனுக்கு அந்தப் புகை தெரியும். உலகத்தின் மறுபக்கத்திலும் அதே வாசனை.

ஓட்டுநரிடம் ஜெசி எழுதிக் கொடுத்த இரண்டு போன் எண்களைக் காட்டினேன். அவரே அழைத்தார். ஜெசி எடுக்கவில்லை, கிரேன் மேல் இருப்பாள். இரண்டாவது எண் ரமோனுடையது. ஓட்டுநர் ஏதோ பேசி, போனை என் காதில் வைத்தார். ஊமைப் பையனிடம் என்ன பேசுவது என்று நான் யோசிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நைனா, அங்கியே குந்து. பேஜாராவாத. நான் கீறேன்."

போன் நழுவப் பார்த்தது. ஓட்டுநர் பிடித்துக்கொண்டார்.

இதை எப்படிச் சொல்வது. வீட்டில் யாராவது இருக்கிறேன் என்பதைக் கீறேன் என்றும், சாப்பிடு என்பதைத் துன்னு என்றும் பேசினால் நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். நம் பேச்சைக் கேட்டாலே சினிமாவில் சிரிப்பு மூட்டுகிறார்கள், நாமாவது ஒழுங்காகப் பேச வேண்டாமா என்று ஜெசியைத் திருத்தித் திருத்தி வளர்த்தவன். அந்தப் பேச்சு, ஒரு எழுத்து பிசகாமல், மெக்சிகோக்காரன் வாயிலிருந்து, குப்பை நாற்றத்துக்கு நடுவே என் காதுக்கு வந்தது. அந்த நேரத்தில் அதைவிட நல்ல தமிழை நான் கேட்டதில்லை. சொன்னபடி அங்கேயே குந்தினேன்.

பழைய பிக்கப் வண்டியில் வந்தான். ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு என்னை ஏற்றினான். இனி மறைத்துப் பயனில்லை என்று வாயைத் திறந்துவிட்டான்.

"துன்னியா நைனா?"

இல்லை என்றேன். மீன் மார்க்கெட்டுக்கு விட்டான். காசிமேட்டில் பாதிகூட இராது. ஆனால் ஐஸை அவர்கள் தாராளமாகப் போடுகிறார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். நம் சங்கரா மீன் போலவே செக்கச் செவேலென்று ஒரு மீன். முழுசாக வேகவைத்து, மேலே தக்காளி, வெங்காயம், ஆலிவ் காய், மிளகாய் போட்ட குழம்பு. தொட்டுக்கொள்ள ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி வரம்பு கட்டிய சோள அடை. வாழையிலையில் சுற்றி வேகவைத்த சோளக் கொழுக்கட்டையும் வந்தது. முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சதையை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான். அவனை என் முன் வாய் திறக்கக் கூடாது என்று ஜெசி கட்டளை போட்டிருந்தாளாம். "அது திட்டும் நைனா. 'எங்க அப்பாக்கு இந்தத் தமிழு கலீஜு'ன்னு சொல்ச்சு" என்றான்.

இரவுச் சாப்பாட்டின்போது ஜெசியைக் கேட்டேன், சொல்லிக் கொடுப்பதுதான் கொடுத்தாய், நல்ல தமிழாகக் கொடுத்திருக்கக் கூடாதா?

"புக்குத் தமிழ் பேசினா உன்கிட்ட மட்டும்தான்பா பேச முடியும். நம்ம தெருவுல யார்கிட்ட பேசுவான்? தேசிங்கு மாமாகிட்ட பேச வேணாமா?"

தெருவரைக்கும் யோசித்திருக்கிறாள். நைனா என்று எதற்குக் கூப்பிடச் சொன்னாய் என்றேன். அது ரோட்டில் போகிறவனையும் கூப்பிடுகிற வார்த்தையாயிற்றே.

"அவனுக்கு அப்பா இல்ல. அப்பாவ எப்டிக் கூப்பிடறதுன்னு கேட்டான். சொன்னேன்."

மறுநாள் துறைமுகத்துக்குள் போக அனுமதி வாங்கியிருந்தாள். எனக்குத் தலைக்கவசம் மாட்டி, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நிற்கவைத்தாள். ரமோன் பக்கத்தில் நின்றான். குளிர்காலத்தில் அந்த ஊருக்கு வடக்கிலிருந்து ஒரு காற்று வரும். நோர்த்தே என்று பெயர். ஐப்பசி கார்த்திகையில் எண்ணூர் முகத்துவாரத்தில் அடிக்கிற காற்றைப் பார்த்தவன் நான், இதென்ன என்று இருந்தேன். தூரத்தில் கடல் நிறம் மாறியது. கப்பலில் இன்னும் ஏழு பெட்டி மிச்சம். இறக்கிவிடலாம் என்று கப்பல் பக்கத்திலிருந்து ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். ஜெசி தலைக்கு மேலே கையை உயர்த்தி முஷ்டியை மடக்கினாள். அவ்வளவுதான். அந்தப் பெரிய இரும்பெல்லாம் நின்றது. லாரிகள் நின்றன. கத்தியவரும் நின்றார். கிரேன்களைக் கட்டிப் பூட்டி முடிப்பதற்கும் காற்று வந்து விழுவதற்கும் சரியாக இருந்தது. என் தலைக்கவசமே பறக்கப் பார்த்தது.

காற்றுக்கு ஒதுங்கிய இடத்தில் நரைத்த மீசைக் கங்காணி ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ரமோன் மொழிபெயர்த்தான்.

"இந்தப் பொண்ணு கையத் தூக்குச்சுன்னா காத்தே கேட்டுகினுதான் உள்ள வர்ணும்ன்றாரு நைனா."

எங்கே வேலை கற்றாள் என்றும் அவர் கேட்டார். வடசென்னை என்றேன். அவருக்குப் புரியாது, தெரியும். மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்: வடசென்னை. காட்டுப்பள்ளி. ராயபுரம். அவர் மூன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மூன்றும் தப்பு. இருந்தாலும் அந்தக் கரையில் எங்கள் ஊர்ப் பெயர்களை ஒருவர் வாயால் சொல்லக் கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மாலை ரமோனின் அம்மா லூப்பே அம்மாள் எங்களை ஊர் நடுச் சதுக்கத்துக்கு அழைத்துப் போனார். அங்கே வயதானவர்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிற தான்சோன் ஆட்டம் நடக்கும். பார்க்க வேண்டிய ஒன்று. வெள்ளை உடுப்பு, பளபளக்கும் காலணி, குதிப்பு கிடையாது. பாட்டு நடுவில் ஒரு கட்டம் வந்தால் எல்லா ஜோடியும் அப்படியே நின்று, பெண்கள் விசிறியை எடுத்து வீசிக்கொள்கிறார்கள். பிறகு சரியான தாளத்தில் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். பத்தொன்பது ஜோடி. என்னையும் இழுத்து விட்டார் அந்த அம்மாள். எண்ணத் தெரிந்தவனுக்கு அந்த ஆட்டம் பிடிபடும். இருபதாவது ஜோடி ஒரு தடவைதான் காலை மிதித்தது, அதுவும் அவர் காலை நான்.

ஞாயிறு பூசை முடிந்து பெண் கேட்கும் சடங்கு. பெண் வீட்டுக்குப் போய்க் கேட்பதுதான் அவர்கள் முறையாம், நம் முறையும் அதுதான். ஆனால் ஜெசியின் அறையில் இரண்டு நாற்காலிதான். வருகிறவர்கள் லூப்பே அம்மாள், ரமோன், அவனுடைய மாமன்மார் இருவர். ஆகவே அந்தக் காப்பிக் கடை என்று முடிவாயிற்று. பெரிய பூச்செண்டை என் கையில் கொடுத்தார்கள். எல்லோர் முன்னாலும் டம்ளரில் டிகாக்‌ஷன் வந்தது. யாரும் கரண்டியைத் தொடவில்லை. மூத்த மாமன் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து நீளமாகப் பேசினார். முடித்துவிட்டு ஜெசியைப் பார்த்தார், அவள் மொழிபெயர்ப்பாளென்று.

அவள் முகம் சிவந்துவிட்டது. "என்னையே கேக்கறத நானே எப்டிப்பா சொல்றது?"

அப்போது ரமோன் எழுந்தான். கப்பல் இழுக்கிற கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நைனா, ஜெசிய எனக்குக் குடு. நான் கட்டிக்கினு நல்லா வெச்சிக்கறேன். வர்சா வர்சம் வூட்டுக்கு இட்டாறேன். நீ இங்க வந்து குந்தினாலும் நான் கீறேன்."

பல நாள் ஒத்திகை பார்த்திருக்கிறான், மூச்சு வாங்கியது. பழைய நானாக இருந்தால் நாலு இடத்தில் திருத்தியிருப்பேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெசி மட்டும் பார்க்கவில்லை. தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேசிங்கிடம் சொல்லி வந்தது நினைவுக்கு வந்தது. ராயபுரத்து வீட்டில் இனி எரியப்போவது ஒரு விளக்குதான் என்பதும் நினைவுக்கு வந்தது. முஷ்டி மடக்கி உயர்ந்த அவள் கையும் நினைவுக்கு வந்தது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவா நான் வந்தேன்?

கரண்டியை எடுத்தேன். ரமோனின் டம்ளரை என் பக்கம் இழுத்து, விளிம்பில் தட்டினேன். டிங் டிங்.

கெட்டில்காரர் ஓடிவந்தார். என் முகம் அவருக்கு நினைவிருந்தது, சந்தேகத்தோடு பார்த்தார். ரமோனுக்கு என்று கையைக் காட்டினேன். தலைக்கு மேலே தூக்கி ஊற்றினார். வெள்ளைக் கயிறு இறங்கிற்று, நுரை ஏறிற்று.

மாமன்மாருக்கு ஒன்றும் புரியவில்லை. இது சரி என்பதா, இல்லை என்பதா என்று லூப்பே அம்மாள் மகனைக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. ஜெசிக்குத்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் பயந்து கிடந்தவர்களுக்கு நல்ல சேதி வந்தால் வயிற்றில் பாலை வார்த்தாய் என்போம் என்று அவர்கள் பாஷையில் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் என் பக்கம் திரும்பினாள். மீதியை என் தோளில் சாய்ந்து முடித்தாள். பிறகு அந்த மேசையில் எல்லா டம்ளர்களும் சேர்ந்து ஒலித்தன. கெட்டில்காரருக்கு எங்கே முதலில் ஊற்றுவது என்று தெரியவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறு டம்ளர். சிந்தியது ஒரு சொட்டு இல்லை.

சத்தம் அடங்கிய பிறகு லூப்பே அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டார். ரமோன் என் பக்கம் குனிந்தான்.

"அம்மா கேக்குது. நீ அங்க தனியா இன்னா பண்ணுவ நைனா?"

ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு அந்த அம்மாளைப் பார்த்தேன்.

"பேஜாராவ வேணாம்னு சொல்லு," என்றேன் ரமோனிடம். "நான் கீறேன்."